பிரபுவா, கார்த்திக்கா? நான் பிரபு பக்கம்தான்

எங்கள் வீட்டில் 1988 இல் இருவரும் சேர்ந்து நடித்த 'அக்னி நட்சத்திரம்' வந்த நாளிலிருந்தே இரண்டு கட்சி. அண்ணன் கார்த்திக் கட்சி, நான் பிரபு கட்சி. வாரிசு நடிகர்கள் என்று பேச்சு வந்தால் இன்னமும் அந்தச் சண்டை முடிந்தபாடில்லை, அதனால் என் தரப்பை ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன்.

தமிழ் சினிமாவில் நடிகர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு, ஆனால் இவர்களைப் போல ஒப்பிட வாகான ஜோடி கிடையாது. கார்த்திக் 1981 இல் 'அலைகள் ஓய்வதில்லை'யில் வந்தார், பிரபு அடுத்த வருஷமே 'சங்கிலி'யில். பிரபுவுக்கு அப்பா நடிகர் திலகம் சிவாஜி, இவர் இளைய திலகம். கார்த்திக்குக்கு அப்பா நவரசத் திலகம் முத்துராமன், இவர் நவரச நாயகன். பட்டம்கூடப் பரம்பரைச் சொத்து மாதிரிதான் வந்தது.

வெளிப்படையாகத் தெரிகிற விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். துறுதுறுப்பு, காதல் காட்சி, நகைச்சுவை எதை எடுத்தாலும் கார்த்திக் ஒரு படி மேலே. 'மௌன ராக'த்தில் அவர் வருவதே ஒரு ஃபிளாஷ்பேக்கில்தான், ஆனாலும் ரேவதியின் அப்பாவை நடுக்கடையில் "மிஸ்டர் சந்திரமௌலி" என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிற அந்தக் குறும்புக்கு இன்றைக்கும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. 1996 இல் ஒரே வருஷத்தில் 'உள்ளத்தை அள்ளித்தா'வும் 'கோகுலத்தில் சீதை'யும் கொடுத்தவர். இதில் எல்லாம் அண்ணனோடு எனக்குச் சண்டையே இல்லை. தெலுங்கில் அவருக்கு 'அபிநந்தன' என்று பெரிய வெற்றி உண்டு, ஆனால் அந்தப் பக்கத்துப் படங்களை நான் அதிகம் பார்த்ததில்லை, அதனால் அந்தக் கணக்கை இங்கே சேர்க்கவில்லை.

சரி, பிறகு ஏன் பிரபு? ஒரே காரணம்தான், கூட நடிப்பவருக்கு இடம் விடத் தெரிந்தவர். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் ஹீரோ மார்க்கெட் போன பிறகு ஒரு நடிகர் எப்படித் தாக்குப்பிடிக்கிறார் என்பது முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது.

அவர் தொடங்கின இடத்தைப் பாருங்கள். முதல் படத்திலேயே எதிரே சிவாஜி. அப்புறம் 'சந்திப்பு', 'நீதிபதி', 'மிருதங்க சக்கரவர்த்தி' என்று அப்பாவும் மகனும் சேர்ந்து நடித்தது கிட்டத்தட்ட இருபது படம். ஒரு புருவத்தை அசைத்தாலே மொத்தக் காட்சியையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிற மனிதருக்குப் பக்கத்தில் ஒரு இளைஞன் என்னதான் செய்ய முடியும்? போட்டி போட்டால் காணாமல் போவான். கேட்டுக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டால் பிழைப்பான். பிரபு கற்றுக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். கார்த்திக்குக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் போனது, முதல் படம் வந்த சில மாதங்களிலேயே, 1981 அக்டோபரில், முத்துராமன் ஊட்டியில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் இறந்துவிட்டார். அவர் தனியாகவே நின்று தனக்கென ஒரு பாணியை உண்டாக்கிக்கொண்டார் என்பதை மறுக்க முடியாது.

இதில் இன்னொன்றும் உண்டு. 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தில் நோயாளிக் கணவனாகப் படுக்கையில் கிடந்தபடியே கல்யாண்குமாருக்கும் தேவிகாவுக்கும் இடம் கொடுத்து நடித்தாரே முத்துராமன், அந்தக் குணம் அவர் மகனைவிடச் சிவாஜி மகனிடம்தான் அதிகம் வந்திருக்கிறது. திரையை மொத்தமாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற சிவாஜி குணம் கார்த்திக்கிடம் இருக்கிறது.

'சந்திரமுகி'யை எடுத்துக்கொள்வோம். 2005 இல் சிவாஜி புரொடக்‌ஷன்ஸ் எடுத்த படம், அதாவது சொந்தக் கம்பெனி. அதில் பிரபுவுக்கு வந்தது ஒன்றும் புரியாமல் தவிக்கிற கணவன் செந்தில்நாதன் வேடம். ஹீரோயிசம் முழுக்க ரஜினிக்கு, நடிப்பு விருந்து முழுக்க ஜோதிகாவுக்கு. "என்ன கொடுமை சரவணன் இது" என்ற வசனத்தை ஊரே கேலிக்கு எடுத்துக்கொண்டது, ஆனால் படத்தில் அதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். மனைவிக்கு என்ன ஆகியிருக்கிறது என்று தெரிந்து உடைந்துபோன ஒருவன் சொல்கிற வார்த்தை அது. குரலை உயர்த்தாமல், அழுது தீர்க்காமல் சொல்வார். அந்த இடத்தில் அவர் கொஞ்சம் கூடுதலாக நடித்திருந்தாலும் ஜோதிகாவின் காட்சி கெட்டிருக்கும். படம் அவர்களுடைய சொந்த சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடியது.

'வசூல்ராஜா'வில் கமலுக்குப் பக்கத்தில் வட்டி என்கிற கூட்டாளி, 'அயனி'ல் சூர்யாவை வளர்த்துவிடுகிற தாஸ், எல்லாம் இதே வகைதான். தாஸ் வேடத்தில் வில்லத்தனமும் பாசமும் ஒரே ஆளிடம் இருக்கும், இரண்டையும் உறுத்தாமல் செய்திருப்பார்.

உடம்பு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஹீரோவாக இருக்கும்போதே அவர் பருமனைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. 1994 இல் பாலசந்தரின் 'டூயட்'டில் அதையே கதையாக ஏற்று நடித்தார். தன் பருமனை நினைத்துக் கூசி, காதலைச் சொல்லத் தயங்கி, சாக்ஸபோனில் கொட்டுகிற குணா. அந்த வருஷங்களில் முன்னணியில் இருந்த வேறு எந்த ஹீரோ இப்படி ஒரு வேடத்துக்கு ஒப்புக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. 'சின்னத்தம்பி'யைவிட எனக்கு இந்தப் படம்தான் உசத்தி.

கார்த்திக்கின் பிற்காலத்தில் இந்தத் தொடர்ச்சி இல்லை. இடைவெளி விழுந்தது, நடுவில் அரசியல், 2009 இல் தனிக் கட்சி. திரும்பி வந்தபோது 'அநேக'னில் வில்லனாகப் பிரமாதமாகச் செய்தார், அதைப் பார்த்தபோது இத்தனை வருஷம் இவரை ஏன் இப்படிப் பயன்படுத்தவில்லை என்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது. 2010 இல் 'ராவண'னில் இருவருமே இருக்கிறார்கள், கார்த்திக் காட்டிலாகாக்காரர் ஞானப்பிரகாசம், பிரபு விக்ரமின் அண்ணன் சிங்கராசு. மரத்துக்கு மரம் தாவுகிற கார்த்திக்கின் துள்ளலை என் அண்ணன் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான். நான் பார்ப்பது விக்ரம் பேசும்போதெல்லாம் பின்னால் நிற்கிற சிங்கராசுவை.

அடுத்த தலைமுறையில் விக்ரம் பிரபுவும் கௌதம் கார்த்திக்கும் வந்திருக்கிறார்கள். 'டாணாக்கார'னில் விக்ரம் பிரபு எனக்குப் பிடித்திருந்தது, கௌதமுக்கு அந்த மாதிரி ஒரு படம் இன்னும் அமையவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் இவர்களை வைத்து இப்போதே தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. யாருக்காவது பிரபுவைப் புதிதாகப் பார்க்க வேண்டுமென்றால் 'டூயட்', கார்த்திக் என்றால் 'கோகுலத்தில் சீதை'. இந்த இரண்டாவது படத்தைச் சொன்னது அண்ணன்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன்.