ஃபைட் பாஸ் – கபீப் ஃபைட்ஸ்க்காகவே எடுக்கலாம்

யூஎஃப்சி ஃபைட் பாஸ் (எம்எம்ஏ சண்டை, அதாவது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த போட்டிகள காசு கட்டி ஆன்லைன்ல பாக்கற சேவை) நான் எடுத்ததே கபீப் நூர்மகமேதோவோட பழைய ஃபைட்ஸ் வரிசையா பாக்கத்தான், காசு வீண் இல்ல. 29-0, ஒரு தோல்வி கூட கிடையாது, மனுஷன் கால புடிச்சு கீழ தள்ளிட்டார்னா அப்புறம் உடும்புப்பிடிதான். 2018ல மெக்ரிகர 4வது ரவுண்ட்ல டேப் பண்ண (கையால தட்டி தோல்விய ஒத்துக்க) வச்சது எல்லாரும் பாத்திருப்பீங்க, ஆனா எனக்கு புடிச்சது 2020ல ஜஸ்டின் கேத்ஜியோட போட்ட ஃபைட்தான், கபீபுக்கு கோச்சா இருந்த அவர் அப்பா தவறி சில மாசம்தான் ஆகுது, ஜெயிச்சுட்டு க்ளவுஸ கழட்டி வச்சுட்டு இனிமே சண்டை இல்லன்னு அம்மாவுக்கு வாக்கு குடுத்துட்டேன்னு சொல்லிட்டார் (கண்ணு கலங்கிடும்ங்க). அதோட நிறுத்தாம 2022 யூஎஃப்சி 280 போடுங்க, இஸ்லாம் மகாச்சேவ் ஒலிவெய்ராவ 2வது ரவுண்ட்லயே சோக் (கழுத்த நெரிக்கற பிடி) போட்டு சாம்பியன் பெல்ட் தூக்குவார், கார்னர்ல கோச்சா நிக்கறது நம்மாளு கபீப். குத்துச்சண்டை மட்டும் புடிக்கறவங்களுக்கு இவரோட ஸ்டைல் போர் அடிக்கலாம். 5க்கு 4.