தொழிற்சாலைக் கடிதத்தோடு வரும் பழைய வின்செஸ்டர்: ஏமாந்தவன் சொல்கிறேன்

அமெரிக்காவில் பழைய வின்செஸ்டர் ரைஃபிள் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

போன வருடம் ஒரு விற்பனையாளரிடம் ‘1894 மாடல்’ என்ற வகை வின்செஸ்டர் ஒன்று வாங்கினேன். இரண்டு துண்டாகக் கழற்றிக்கொள்ளும் டேக்-டவுன் வகை. எண்கோணக் குழல், லேசாகத் தொட்டாலே சுடும்படி அமைத்துக்கொள்ளும் செட் ட்ரிகர், ஆட்டுத்தொடை வடிவத்தில் ஒரு தோல் பெட்டி. கூடவே தொழிற்சாலைக் கடிதத்தின் நகல், அதாவது துப்பாக்கி தொழிற்சாலையிலிருந்து எப்படிக் கிளம்பியது என்று பழைய பதிவேட்டைப் பார்த்துத் தரும் கடிதம். அதில் எல்லாமே பொருந்தியது. துப்பாக்கியும் பெட்டியும் 1897இல் நியூ ஹேவன் ஊரிலிருந்த வின்செஸ்டர் தொழிற்சாலையிலிருந்து ஒன்றாகக் கிளம்பியவை என்றார். அசல் கடிதம் கேட்டதற்கு, லாக்கரில் இருக்கிறது என்றார். சரி என்று சாதாரண 1894 மாடல் போகும் விலையைப் போல மூன்று மடங்கு கொடுத்தேன்.

வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் வயோமிங் மாநிலம் கோடி (Cody) நகரத்துத் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்த எண்ணுக்கு நேரே எழுதியிருப்பதைக் கடிதமாகத் தருவார்கள்: தோட்டா அளவு, குழல் உருண்டையா எண்கோணமா, ட்ரிகர் வகை, அனுப்பிய நாள். 1894 மாடலுக்கு 353999ஆம் எண் வரைதான் இந்தப் பதிவேடு உண்டு. கடிதம் தருகிறவர்கள் உங்கள் துப்பாக்கியைக் கண்ணால் பார்ப்பதே இல்லை.

ஒருநாள் எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது குழலில் நீள்வட்டத்துக்குள் டபிள்யூ, பி என்ற முத்திரை தெரிந்தது. குழலைச் சுட்டுச் சோதித்ததற்கு அடையாளமான அந்த முத்திரையை வின்செஸ்டர் குத்தத் தொடங்கியதே 1905இல்தான். 1897இல் கிளம்பிய துப்பாக்கியில் அது எப்படி வந்தது? நானே கட்டணம் கட்டிக் கடிதம் வரவழைத்தேன். அதே எண், அதே 1897, டேக்-டவுனும் சரி. ஆனால் உருண்டைக் குழல், சாதாரண ட்ரிகர். பின்னால் குழலை மாற்றவோ பழுதுபார்க்கவோ தொழிற்சாலைக்குத் திரும்பி வந்ததாகவும் குறிப்பு இல்லை. விற்றவர் நகலில் இரண்டே இடத்தைத் திருத்தியிருக்கிறார். வருடத்தைத் தொட அவருக்குத் தேவை இருக்கவில்லை. 1898 வரை செய்தது கூட்டரசுச் சட்டப்படி தொல்பொருள் கணக்கில் வரும் என்பதால் அதுவே நல்ல விற்பனைச் சரக்கு.

பெட்டியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை கூட இல்லை. மூடியின் உட்புறத்தில் தோல் கடைக்காரரின் முத்திரையும் முகவரியும் இருந்தன, முகவரியின் கடைசியில் ஐந்து இலக்க ஜிப் கோடு. அது அமெரிக்காவுக்கு வந்தது 1963இல்! அந்த முகவரியை வாங்கிய அன்றே படித்தேன், பழைய முகவரி என்று ரசித்தும் வைத்தேன். குழல் விஷயத்தைவிட இதுதான் என்னை அதிகம் குத்துகிறது.

வாங்கும் முன் அவர் அனுப்பிய படங்களில், அந்த முத்திரை இருக்கும் குழலின் மேற்பக்கம் மட்டும் இல்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். வரிசை எண்ணின் படத்தை வாங்கி, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கடிதத்தை உங்கள் பெயரில் வரவழையுங்கள்.

விற்றவரிடம் கேட்டேன். தனக்கும் நகல் அப்படித்தான் வந்தது என்றார். துப்பாக்கியைத் திரும்ப எடுக்க முடியாதாம். பெட்டியை மட்டும் அனுப்பினால் ஒரு தொகை தருவதாகச் சொன்னார். எதற்கென்று புரிந்தது, அனுப்பவில்லை.