ஓ.டி.பி. வந்துச்சா?

இந்த முறை ஊரில் இருந்த நாட்களில் எங்கள் வீட்டில் "சாப்பிட்டாச்சா?" என்பதைவிட அதிகமாகக் கேட்டது "ஓ.டி.பி. வந்துச்சா?" என்ற கேள்விதான்.

நாங்கள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். அங்கே ஜூலை கடைசியில் பள்ளிக்கூடம் மூடினால் செப்டம்பர் நடுவில்தான் திறக்கும். 2025 ஆகஸ்டில், ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு, கும்பகோணம் பக்கம் சுவாமிமலையை ஒட்டிய கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மேட்டூர் ஜூனிலேயே நிரம்பிய வருஷம். வாய்க்காலெல்லாம் தண்ணீர். பிள்ளைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எங்களுக்கு வேறு வேலைகள் இருந்தன. மாமனார் தவறிய பிறகு வாரிசுச் சான்று வாங்கவில்லை, பட்டா அவர் பெயரிலேயே கிடந்தது, வங்கிக் கணக்குகள் பாதியில் நின்றன. இது அந்த வேலைகளைப் பற்றிய குறிப்பு. தாராசுரம் போனதையும் டிகிரி காபி குடித்ததையும் எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள்.

முதலில் பாஸ்போர்ட் விஷயம். நானும் கணவரும் இன்னும் இந்தியக் குடிமக்கள். பிள்ளைகள் இருவரும் ஜெர்மன் பாஸ்போர்ட், கூடவே வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை. பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஓ.சி.ஐ. அட்டையையும் மாற்ற வேண்டும் என்று பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2021-இல் அதை எளிதாக்கிவிட்டார்கள். 20 வயது வரை புதுப் பாஸ்போர்ட்டையும் புதுப் படத்தையும் இணையத்தில் ஏற்றினால் போதும். 20 வயதுக்குப் பிறகு எடுக்கும் பாஸ்போர்ட்டுக்கு ஒரே ஒரு தடவை அட்டையை மாற்ற வேண்டும். சென்னை விமான நிலையத்தில் 2025 ஜனவரியிலிருந்து இந்தியர்களுக்கும் ஓ.சி.ஐ.காரர்களுக்கும் தானியங்கிக் கதவுகள் வந்திருக்கின்றன. முன்பதிவு செய்து கைரேகை கொடுத்தவர்கள் அதில் போய்விடலாம். நாங்கள் பிள்ளைகளோடு சாதாரண வரிசையில்தான் நின்றோம். அதுவே பழைய நாட்களுக்குப் பரவாயில்லை.

இனி ஓ.டி.பி. கதை. கணவரின் பழைய இந்திய எண் கொரோனா காலத்தில் செத்துப்போனது. 90 நாள் பயன்படுத்தாமல், கையிருப்பும் இல்லாமல் கிடந்தால் எண்ணைத் துண்டித்துவிடலாம் என்பது விதி. அப்புறம் அது வேறு யாருக்கோ போய்விடும். அந்த எண்ணோடு ஆதார், வங்கி, வருமான வரி எல்லாம் கட்டப்பட்டிருந்தன. ஊரில் இப்போது எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து முதலில் கேட்பது கைபேசி எண்ணைத்தான். பெயரும் ஊரும் அப்புறம்.

புது சிம் வாங்குவது சிரமமே இல்லை. கடைக்காரப் பையன் ஆதார் எண்ணைத் தட்டி, விரலை வைக்கச் சொல்லி, படம் எடுத்து, காபி ஆறுவதற்குள் கையில் கொடுத்துவிட்டான். அந்தப் புது எண்ணை ஆதாரில் ஏற்ற அஞ்சலகத்து மையத்தில் அப்போது 50 ரூபாய். டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் வேலை முடிந்துவிடும். ஆனால் அது அவர்கள் பதிவேட்டில் ஏறுவதற்கு நாள் பிடிக்கும். அதுவரை கணவரின் ரகசிய எண்கள் எல்லாம் யாரோ முகம் தெரியாத ஒருவரின் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் என்ன நினைத்தாரோ!

அந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது மாமியாரின் பட்டன் போன். கேஸ், மின்சாரம், வீட்டு வரி, இ-சேவை விண்ணப்பம் என எல்லாவற்றுக்கும் அவர் எண்தான். ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் 'யாரிடமும் பகிராதீர்கள்' என்று இருக்கும். மாமியாரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திண்ணையில் இருந்தபடி கொல்லைப்புறம் வரை கேட்கும்படி ஒவ்வொரு எண்ணாக வாசிப்பார். "அத்தை, மெதுவா சொல்லுங்க, தெருவே கேக்குது" என்றால், "கேட்டா கேக்கட்டும்மா, நம்ம தெருதானே" என்பார். முன்பின் தெரியாதவர் போனில் கேட்டால் மட்டும் சொல்லவே கூடாது, பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிட வேண்டும் என்று நாத்தனார் மகன் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறான். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதை ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

இ-சேவை மையத்தைப் பற்றி நல்லபடியாகவே எழுத வேண்டும். வாரிசுச் சான்றுக்கு முதலில் கேன் நம்பர் என்று விண்ணப்பதாரருக்கான ஒரு பதிவு எண் எடுக்கிறார்கள். ஆதார், ஒரு படம், கைபேசி எண். (ஓ.டி.பி. வந்துச்சா? வந்துச்சு.) பிறகு இறப்புச் சான்று, வாரிசுகள் எல்லாருடைய ஆதார், மாமியாரின் கையெழுத்திட்ட உறுதிமொழி. கட்டணம் 60 ரூபாய், ரசீதோடு. மையத்தை நடத்துகிற பெண் எங்கள் ஊர்க்காரர். எந்தப் படிவத்தில் 'வெளிநாட்டில் வசிக்கிறார்' என்று எழுத வேண்டும், எங்கே எழுதினால் சிக்கல் வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். விண்ணப்பம் வி.ஏ.ஓ.விடம் போய், வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.யிடம் போய், தாசில்தாரிடம் போகிறது. வி.ஏ.ஓ. ஒரு மாலை வீட்டுக்கே வந்து அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். நாங்கள் ஊரில் இருக்கும்போதே மின்னணுக் கையொப்பத்தோடு சான்று வந்துவிட்டது. இதே சான்றைத் தன் அப்பாவுக்காக வாங்க மாமனார் தாலுகா ஆபீசுக்கு நடந்த நடையை வைத்து மாமியார் பாதி ராத்திரி வரை கதை சொல்வார்.

பட்டா மாறுதலுக்கு நேரம் கூடியது. தமிழக அரசு அந்த ஜூலை 15-ஆம் தேதிதான் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களைத் தொடங்கியிருந்தது. கிராமப்புறத்தில் 15 துறைகளின் 46 சேவைகள், மனுவுக்கு 45 நாளில் பதில் என்பது அறிவிப்பு. எங்கள் பக்கத்து முகாம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடை இருக்கும் இடத்தில் வருவாய்த் துறை மேசை. மகளிர் உரிமைத் தொகை விண்ணப்ப வரிசை மண்டபத்தைத் தாண்டிச் சாலை வரை நீண்டது. மற்ற மேசைகளில் அவ்வளவு கூட்டம் இல்லை. நாங்கள் வாரிசுச் சான்று, பழைய பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்தோம். நத்தம் எனும் குடியிருப்பு இடமா, நஞ்சையா, அளந்து பிரித்து உட்பிரிவு வேண்டுமா என்று கேட்டார்கள். உட்பிரிவு வேண்டாம் என்றதும் அந்த அலுவலர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தாலே சர்வேயர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்துவிடும். அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரிக்க நினைத்துக்கொண்டு ஊருக்குப் போனால், ஒரு விடுமுறையில் முடியும் என்று எண்ண வேண்டாம்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் 1975 வரை பின்னோக்கிப் பார்க்கலாம், பட்டாவையும் பார்க்கலாம். இதையெல்லாம் ஸ்டுட்கார்ட்டில் உட்கார்ந்தே செய்தோம். ஜெர்மனியில் ஒரு சின்னச் சான்றுக்கே தபாலில் கடிதம் வரும் என்று காத்திருந்து பழகியவர்களுக்கு இது கொஞ்சம் பொறாமை தருகிற விஷயம்.

வங்கிதான் சோதித்தது. எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. வெளிநாட்டில் வசிப்பவர் சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது, அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது சட்டம். மாற்றினால் வட்டியில் 31.2 சதவீதம் வரியாகப் பிடித்துவிடுவார்கள். கணக்குக் காட்டித் திரும்பப் பெறுவது தனிக் கதை. கணவர் நல்ல பிள்ளையாக மாற்றிவிடலாம் என்று போனார். படிவம் புத்தகம் போல இருந்தது. அதை நிரப்பிக் கொடுத்தால், 'ஜெர்மனி வீட்டு முகவரிக்கு ஆதாரம் ஜெர்மன் மொழியில் இருக்கிறதே' என்றார்கள். பிறகு 'மேனேஜர் லீவு'. அப்புறம் 'சர்வர் டவுன்'.

அதைவிட மனதில் நின்றது மொழி. கவுண்டரில் இருந்த இளைஞர் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். இந்தியும் ஆங்கிலமும் தெரியும், தமிழ் தெரியாது. பொறுமையானவர், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நகைக் கடனுக்காக வரிசையில் நின்ற விவசாயி எவரோடும் அவரால் பேச முடியவில்லை. இருவருக்கும் நடுவில் நகை மதிப்பீட்டாளர்தான் பாலம். உரைகல்லை ஒரு கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இவங்க நாமினி யாருன்னு கேக்குறாங்க, சொல்லுங்க" என்று மொழிபெயர்ப்பும் செய்துகொண்டிருந்தார். மாமியாரின் காரியத்தையும் அவர்தான் முடித்துவைத்தார். மாமனார் கணக்கில் மாமியார் பெயர் நாமினியாக இருந்ததால் இறப்புச் சான்றும் ஒரு படிவமும் போதுமாக இருந்தன. நாமினி போடாத கணக்குகளுக்கு வருகிறவர்கள் படும் பாட்டை அன்றே பக்கத்து நாற்காலியில் பார்த்தோம். உங்கள் அப்பா அம்மாவின் கணக்குகளில் நாமினி இருக்கிறதா என்று அடுத்த வீடியோ அழைப்பிலேயே கேளுங்கள். பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்த பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். உரியவர்கள் பிறகு கோரிப் பெறலாம். தேடுவதற்கு 2023-இல் 'உத்கம்' என்ற தளமும் திறந்திருக்கிறார்கள். மாமனார் பெயரில் அதில் எதுவும் அகப்படவில்லை.

காசு கொடுப்பதில் பிள்ளைகளுக்குத்தான் வேடிக்கை. ராமசாமி கோயில் வாசலில் பூ விற்கிற பாட்டியின் கூடைக்குள்ளிருந்து ஒரு பெட்டி 'இருபது ரூபாய் பெறப்பட்டது' என்று பேசியதும் சின்னவன் மறுபடியும் பூ வாங்கச் சொன்னான். வெளிநாட்டு எண்ணிலிருந்தே யு.பி.ஐ. செய்யலாம் என்று 2023-இல் அறிவித்தபோது பத்து நாடுகளின் பட்டியல் வந்தது. சிங்கப்பூர், அமெரிக்கா, வளைகுடா என்று இருந்த அதில் ஜெர்மனி இல்லை. ஆகவே எங்களிடம் இருந்தது 500 ரூபாய்த் தாள்கள். சில்லறை என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர், "ஸ்கேன் பண்ணுங்கக்கா, இல்லேன்னா இறங்கும்போது குடுங்க, இறங்கலேன்னா அடுத்த தடவை குடுங்க" என்றார். அடுத்த தடவை எப்போது என்று அவருக்குச் சொல்லவில்லை, அங்கேயே மாற்றிக் கொடுத்துவிட்டோம்.

மருத்துவம் பற்றி இரண்டு வார்த்தை. பெரியவளுக்கு ஒரு ராத்திரி காய்ச்சல். பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டு, குழந்தை மருத்துவரைப் பார்த்து, ரத்தம் கொடுத்து வீடு திரும்பினோம். தூங்கப்போகுமுன் ரிசல்ட் வாட்ஸ்அப்பில். ஸ்டுட்கார்ட்டில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்களுக்கு இது கனவு. ஆனால் ரிசல்ட் வருமுன்பே ஆன்டிபயாட்டிக் எழுதிவிட்டார்கள். டெங்கு இல்லை, சாதாரண வைரஸ் காய்ச்சல்தான் என்று தெரிந்ததும் அதைக் கொடுக்கவில்லை. வேகம் பிடித்தது, சீட்டின் நீளம் பிடிக்கவில்லை. மாமியாரின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை கொண்டுவரும் பெண் வந்தால் அழுத்தம் பார்ப்பது ஐந்து நிமிஷம், ஊர்க்கதை அரை மணி. இரண்டாவதுதான் மாமியாருக்குச் சரியான மருந்து என்று தோன்றியது.

திரும்பும்போது ரயில். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பர் வரை 120 நாள் இருந்தது. தட்கல் என்றால் 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும், கூடவே ஆதாருக்கு வரும் ஓ.டி.பி. கணவருக்கு அது எங்கே போகும் என்பது தெரிந்ததே. நாத்தனார் மகன் தன் கணக்கில் உழவன் எக்ஸ்பிரஸில் எடுத்துக்கொடுத்தான். கும்பகோணத்தில் ராத்திரி ஏறிப் படுத்தால் விடியுமுன் சென்னை. போர்வை சுத்தமாக இருந்தது, கழிவறையைப் பற்றி எழுத வேண்டாம்.

ஸ்டுட்கார்ட் திரும்பிச் சில வாரங்களில் பட்டா மாறிவிட்ட செய்தி மாமியார் போனுக்கு வந்தது. வங்கியிலிருந்து வந்ததோ ஒரு மின்னஞ்சல். முகவரி ஆதாரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மியூனிக் துணைத் தூதரகத்தில் சான்றளித்து, அசலைத் தபாலில் அனுப்ப வேண்டுமாம். கணவரின் புது சிம்மை இங்கேயே கொண்டுவந்து பழைய கைபேசியில் போட்டு வைத்திருக்கிறோம். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருவதற்குக் காசில்லை, எண் சாகாமல் இருக்க ரீசார்ஜ் மட்டும் செய்ய வேண்டும். வருஷ ரீசார்ஜை நாத்தனார் மகன் போட்டுவிட்டான். "மாமா, காசை ஜி-பேயில போட்டுவிடுங்க" என்று அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். போட வேண்டிய என்.ஆர்.ஓ. கணக்கு இன்னும் திறக்கவில்லை.