ஸ்டீம் டெக் ஓலெட்: இப்போதே வாங்கலாமா, டெக் 2 வரட்டுமா?

என்னிடம் ஸ்டீம் டெக், அதாவது வால்வ் கம்பெனியின் கையடக்க கேம் மிஷின், இருப்பது தெரிந்த யாரும் "எப்படி இருக்கு?" என்று கேட்பதில்லை. "டெக் 2 எப்ப வருது?" என்று அடுத்த தலைமுறை மாடலைத்தான் கேட்கிறார்கள். வால்வ் கம்பெனியில் எனக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. ஆனாலும் இந்த மிஷினைக் கையில் வைத்துக்கொண்டே அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லிவிடலாம். எனவே இது பாதி விமர்சனம், பாதி ஜோசியம்.

என்னுடையது 512 ஜிபி ஓலெட் (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை) மாடல். நான் வாங்கியபோது விலை 549 டாலர். இந்தியாவில் வால்வ் இதை விற்பதில்லை என்பதால், நியூஜெர்சியிலிருந்து ஊருக்கு வந்த அத்தை மகன் தலையில் கட்டி எடுத்துவரச் சொன்னேன். இங்குள்ள இறக்குமதிக் கடைகள் அந்த விலைக்கு மேல் வைக்கும் தொகையைக் கேட்டால் ஆசையே விட்டுப்போகும்.

7.4 அங்குலத் திரை, 1280க்கு 800 பிக்சல். எண்ணில் பார்த்தால் சுமார்தான், நம் கைப்பேசித் திரையில் இதைவிட அதிகம். ஆனால் ஹாலோ நைட் கேமை இருட்டறையில் ஓடவிட்டுப் பாருங்கள். கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது, திரை எங்கே முடிந்து சட்டம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. திரை 90 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 90 முறை புதுப்பிக்கும்) என்பதால் கனமான கேம்களை நொடிக்கு 45 ஃபிரேமில் பூட்டி வைத்தாலும் ஓட்டம் சீராக இருக்கிறது. 640 கிராம் எடை. படுத்துக்கொண்டு ஆடினால் கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு சொல்லிவிடும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது திரையோ ஸ்டிக்கோ அல்ல. வலப்பக்கம் மூன்று புள்ளி போட்ட பொத்தானை அழுத்தினால் வரும் மெனுவில், பேட்டரியிலிருந்து இந்த நொடி எத்தனை வாட் போகிறது என்று காட்டச் சொல்லலாம். எல்டன் ரிங் மாதிரி கனமான கேம் ஓடும்போது அந்த எண் இருபதைத் தாண்டி நிற்கும். ஸ்டார்டியூ வேலி மாதிரி எளிய கேமில் ஏழெட்டு. பேட்டரி 50 வாட்-அவர். வகுத்துப் பாருங்கள். கோவை எக்ஸ்பிரஸில் சென்ட்ரலில் ஏறி எல்டன் ரிங் தொடங்கினால் ஜோலார்பேட்டை வருமுன்னே சார்ஜர் தேடுவேன். ஸ்டார்டியூ என்றால் ஈரோட்டில் இறங்கும்வரை ஓடி மிச்சமும் இருக்கும்.

கையடக்க கேம் மிஷின்களின் எதிர்காலத்தைச் சொல்ல இந்த வகுத்தல் கணக்கு போதும் என்பது என் கட்சி. டெராஃப்ளாப்ஸை (சிப் நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்ற அளவு) பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள். கையில் பிடிக்கும் பெட்டியில் பேட்டரியின் எடைக்கும் விசிறியின் சத்தத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குள் சிப் எவ்வளவு வேலை செய்யும் என்பதுதான் அதன் சக்தி. சோனியின் கையடக்க மிஷினான பிஎஸ்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 கடைசியில் ஜப்பானில் வந்தது. அதன் சிப் 333 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடியது, ஆனால் கேம்களுக்கு 222க்கு மேல் தரவில்லை. 2007இல்தான் ஃபர்ம்வேர் (மிஷினின் உள் மென்பொருள்) வழியாகப் பூட்டைத் திறந்தார்கள். 2017இல் வந்த நின்டெண்டோவின் முதல் ஸ்விட்சும் அப்படித்தான். உள்ளே இருந்தது 2015இலேயே வேறு சாதனத்தில் வந்துவிட்ட என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப். கையில் எடுத்தவுடன் கிராஃபிக்ஸ் வேகம், டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கி) இருக்கும்போது உள்ளதில் பாதி அளவுக்கு இறங்கிவிடும்.

இப்போதைய கணக்குக்கு வருவோம். டெக்கின் கிராஃபிக்ஸ் 1.6 டெராஃப்ளாப்ஸ். 2022 பிப்ரவரியில் வந்த முதல் மாடலிலும் அதே எண், 2023 நவம்பரில் வந்த ஓலெட்டிலும் அதே எண். சிப்பை 7 நானோமீட்டரிலிருந்து 6க்கு மாற்றினார்கள், மெமரி வேகம் கொஞ்சம் கூடியது. மிச்சப்பட்டதையெல்லாம் பேட்டரி நேரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 கையில் வைத்து ஆடும்போது தருவது எவ்வளவு? சுமார் 1.7 டெராஃப்ளாப்ஸ். மூன்று வருடம் கழித்து, வேறு கம்பெனி, வேறு சிப், எண் மட்டும் பக்கத்திலேயே நிற்கிறது. சரி, சிறிய படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் நுட்பம் இருப்பதால் நின்டெண்டோ மிஷினில் படம் தெளிவாகத் தெரியும், அந்தப் பெருமையை மறுக்கவில்லை.

"ஏன், அசுஸ் கம்பெனியின் ராக் அலை இல்லையா?" என்பீர்கள். அலுவலக நண்பரிடம் இருக்கிறது, 2023 ஜூலையில் இந்தியாவில் 69,990 ரூபாய்க்கு அறிமுகமானது. சார்ஜரில் செருகி 25, 30 வாட் கொடுத்தால் என் டெக்கை ஓரங்கட்டிவிடும். பேட்டரியில் 10 வாட்டுக்கு இறக்கினால் கதை மாறும். அங்கே டெக் முந்துகிறது. முதல் அலையின் பேட்டரி 40 வாட்-அவர்தான். அப்புறம் அடுத்த வருடமே 80 வாட்-அவர் போட்டு அலை எக்ஸ் வந்தது. 2025 அக்டோபரில் வந்த எக்ஸ்பாக்ஸ் அலை எக்ஸும் அதே 80தான், எடை 715 கிராம், அறிமுக விலை 999 டாலர். சக்தி கூடியதா? கூடியது. அதற்கான கூலியை எடையிலும் பணத்திலும் வாங்கிக்கொண்டுதான் கூடியது.

அடுத்து தேதி. இதில்தான் ஆரூடக்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். நின்டெண்டோவின் இடைவெளிகளைச் சராசரி எடுத்துத் தேதி சொல்பவர்கள் உண்டு. கேம் பாய் அட்வான்ஸ் 2001, டிஎஸ் 2004, 3டிஎஸ் 2011, ஸ்விட்ச் 2017, ஸ்விட்ச் 2 2025. மூன்று, ஏழு, ஆறு, எட்டு. இதில் சராசரி எடுத்து என்ன செய்வது? விற்பனை நன்றாக இருக்கும்வரை அவர்களுக்கு அவசரமே கிடையாது.

கசிவுகளும் பாதி உண்மையைத்தான் சொல்லும். 2022இல் என்விடியாவின் கோப்புகள் திருடுபோனபோது அடுத்த ஸ்விட்சின் சிப்பில் 1536 கிராஃபிக்ஸ் கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்) என்பது வெளியே வந்துவிட்டது. மூன்று வருடம் கழித்து அச்சு அசல் அதுவே வந்தது. ஆனால் எந்த வேகத்தில் ஓட்டுவார்கள், எந்த மாதம் வரும் என்பதற்கு அந்தக் கோப்புகள் துணைக்கு வரவில்லை. ஆளாளுக்கு ஒரு வேகத்தைப் பெருக்கி மனக்கோட்டை கட்டினார்கள்.

தேதிக்கு நான் நம்புவது வானொலிச் சான்றிதழை. வைஃபை உள்ள எந்தச் சாதனமும் விற்பனைக்கு வருமுன் அரசு சோதனையைத் தாண்ட வேண்டும். 2023 செப்டம்பரில் தென் கொரியப் பதிவில் வால்வின் 1030 என்ற மாடல் எண் தென்பட்டது. விஆர் ஹெட்செட் என்றார்கள், டெக் 2 என்றார்கள். இரண்டே மாதத்தில் என் கையிலிருக்கும் இந்த ஓலெட்டாக வந்து நின்றது. இதில் வேடிக்கை, சக்தி கூடிய டெக் இன்னும் இரண்டு வருடத்துக்கு இல்லை என்று வால்வே அதே செப்டம்பரில் சொல்லியிருந்தது. யாரும் காதில் வாங்கவில்லை.

2025 நவம்பரிலும் வால்வ் பொறியாளர் பியர்-லூப் கிரிஃபே அதையேதான் சொன்னார். அதே பேட்டரி நேரத்தில் 50 சதவீதம் கூடுதல் வேகம் கிடைத்தாலும் போதாது, அதைவிடப் பெரிய தாவல் வேண்டும், அப்படி ஒரு சிப் சந்தையில் இன்னும் இல்லை என்பது சாரம். பேச்சை அப்படியே எடுத்துக்கொள்வதே நல்ல ஜோசியம். எக்ஸ்பாக்ஸ் அலை எக்ஸில் இருக்கும் ஏஎம்டியின் இசட்2 எக்ஸ்ட்ரீம் 4 நானோமீட்டர் சிப், 15 வாட்டுக்கு மேலே போனால்தான் அதன் முழுப் பலம் தெரியும். அடுத்த தலைமுறைச் சிப்கள் முதலில் விலை உயர்ந்த மடிக்கணினிகளில் வரும், பிறகு விலை இறங்கும், அதன் பிறகுதான் டெக்குக்கு. போதாததற்கு ஏஐ தரவு மையங்கள் வாங்கிக் குவித்ததில் 2025 கடைசியில் மெமரி விலை ஏறிவிட்டது. என் கணிப்பு: 2028க்கு முன் டெக் 2 கிடையாது. வரும்போது இப்போதைய டெக் சிப்பின் உச்ச வரம்பான இதே 15 வாட்டில் (மீதி வாட் திரைக்கும் மற்றவற்றுக்கும்) இரண்டு மடங்கு வேகம் இருக்கும், விலை 549க்குக் கீழே இருக்காது.

அதுவரை இதை வைத்து ஓட்ட முடியுமா? எனக்கு ஓடுகிறது, குறைகளோடு. பால்டர்ஸ் கேட் 3 கேமில் மூன்றாம் பகுதி நகரத்துக்குள் நுழைந்தால் திணறும். 2025 செப்டம்பரில் டெக்குக்கென்றே தனிப் பதிப்பு வந்தபின் கொஞ்சம் மூச்சு வந்தது. வேலரண்ட், ஃபோர்ட்நைட், ஜிடிஏ ஆன்லைன் மூன்றும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாக, டெக்கில் ஓடும் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸில் ஆட முடியாது. அவற்றுக்காகவே வாங்குபவர் இந்தப் பக்கமே வரவேண்டாம். சர்வீஸ் என்பது நம் ஊரில் அவரவர் சாமர்த்தியம். தோள்பட்டைப் பொத்தான் ஒன்று மக்கர் செய்ததும் ஒரு கடையில் கொடுத்தேன். "போர்டு போச்சு சார்" என்று பாதி மிஷின் விலையைச் சொன்னார்கள். திருப்பி வாங்கி வந்து, பின்பக்கத்து எட்டு திருகையும் கழற்றி, பொத்தானடியில் படிந்த அழுக்கைத் துடைத்தேன். இன்றுவரை பிரச்சினை இல்லை. நாமே திறக்கும்படி செய்திருப்பது பெரிய விஷயம்.

வாங்குவதாக முடிவு செய்தால் 512க்கும் 1 டிபிக்கும் நடுவே சேமிப்பிடத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். மெமரி கார்டு போடலாம், எஸ்எஸ்டியையே மாற்றலாம். உண்மையான வித்தியாசம் கண்ணாடி. 1 டிபி மாடலில் ஒளி சிதறும் கண்ணாடி, என்னுடையதில் பளபளப்பு. பகல் ரயிலில் ஆடும்போது கேமைவிட என் முகம்தான் அதிகம் தெரிகிறது. ஜன்னலோர சீட் பிடிக்கும் ஆசாமி என்றால் கொஞ்சம் கூடப் போட்டு 1 டிபியே வாங்கிவிடுங்கள்.