கடைவீட்டு மாடியா, பழைய பஸ் டிப்போவா?

நானும் தோழியும் சேர்ந்து வைக்கும் முதல் கலைக் கண்காட்சிக்கு பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இரண்டு இடம் பார்த்தோம். ஒன்று லிட்டில் இந்தியாவில், கீழே கடையும் மேலே வீடுமான ஒரு கடைவீட்டின் மாடி. மற்றது ஜாலான் குருத்வாராவில் உள்ள ஹின் பஸ் டிப்போ. பேருந்துகள் நின்ற இடம். 2014-இல் சுவரோவியக் கலைஞர் எர்னஸ்ட் ஸக்கரேவிச்சின் கண்காட்சி அங்கேதான் நடந்தது.

டிப்போவில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஞாயிறு சந்தைக்கு வருகிறவர்கள் அப்படியே உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். என்னுடையவை சிமெண்டும் துருப்பிடித்த தகரமும் ஒட்டிய பெரிய பலகைகள், கனம் அதிகம். கான்கிரீட் சுவர்தான் தாங்கும். தோழி உள்ளங்கை அகலத்தில் சேலைக் கரை, பழைய நாள்காட்டித் தாள், மெழுகு வைத்துச் சின்னப் படங்கள் செய்கிறாள். "அந்தச் சுவர்ல என்னுது தபால்தலை மாதிரி ஆயிடும்டி" என்றாள். உண்மைதான்.

மாடியில் கதை வேறு. நடுமுற்றத்து வெயில் சாய்ந்து விழும்போது பிரிந்த சேலை நூல் ஒவ்வொன்றும் சுவரில் நிழல் போட்டது. கீழேயிருந்து மசாலா வாசனை வேறு! ஆனால் சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்தால் பொடியாகக் கொட்டுகிறது. பினாங்கு ஈரக்காற்றுக்குத் தாள் அலையலையாகச் சுருளும், பூஞ்சையும் பிடிக்கும். படியோ செங்குத்து, வயதானவர்கள் ஏற யோசிப்பார்கள்.

சரி, மாடியே என்று சொல்லிவிட்டேன். என் பலகைகளைத் தரையில் சாய்த்து வைத்துக்கொள்கிறேன். ஈரத்துக்கு அவள் தாள்களின் பின்பக்கமும் அக்ரிலிக் பூசிக்கொண்டிருக்கிறாள்.