வரப்பு மரங்களின் சரக்கு: உடன்குடிப் பக்கத்துக் கடை ஒன்று

திருச்செந்தூரிலிருந்து உடன்குடி செல்லும் வழியில் உள்ள இச்சிறு கடையில், அக்கம்பக்கத்து விவசாயிகள் வரப்பிலும் கிணற்று மேட்டிலும் வெட்டாமல் விட்டு வைத்திருக்கும் பனை, வேம்பு, முருங்கை ஆகிய மரங்களின் பொருள்கள் கிடைக்கின்றன. மூன்றையும் வாங்கி வீட்டில் பயன்படுத்திப் பார்த்தேன்.

கருப்பட்டிக்காகவே இக்கடையைத் தேடிப் போகலாம். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியின் பெயரைச் சொல்லிச் சீனி கலந்த சரக்கு பல ஊர்களில் விற்கப்படும் நிலையில், இங்கு வாங்கிய வில்லையை உடைத்தபோது பளபளக்கும் சீனி மணிகள் எதுவும் தென்படவில்லை. மங்கிய கரும்பழுப்பு நிறமும், அடுப்புப் புகையின் வாசமும், இனிப்போடு சேர்ந்து நாவில் படும் மெல்லிய உப்புக்கரிப்பும் இருந்தன. பதனீர் புளித்துக் கள்ளாகிவிடாதபடி கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கி, வடிகட்டிக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவதே மரபான முறை. சுக்கு, மிளகு, மல்லி தட்டிப் போட்ட காப்பிக்கு இக்கருப்பட்டி மிகப் பொருத்தமாக இருந்தது. சளி பிடித்த நாள்களில் தொண்டைக்கு இதமளித்தது. சீனியைவிட விலை பல மடங்கு அதிகம்தான். எனினும், காலையும் மாலையும் பனையேறிப் பாளை சீவுபவரின் உழைப்பையும், விறகுச் செலவையும் எண்ணிப் பார்த்தால் அவ்விலை நியாயமானதே.

வேப்பம்பூவும் தரமானது. பங்குனி, சித்திரையில் மரத்தடியில் துணி விரித்துச் சேகரித்து, காம்பும் தூசும் நீக்கி உலர்த்தியிருக்கிறார்கள். ஈரம் பட்ட பூவைப் போலக் கறுக்காமல் வைக்கோல் நிறத்தில் இருக்கிறது. நெய்யில் சிவக்க வறுத்து ரசத்தில் சேர்த்தபோது கசப்பு அளவோடு நின்று மணம் மேலோங்கியது. பித்தத்துக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் நம் வீடுகளில் காலங்காலமாகக் கொடுத்து வருவது இந்த ரசத்தைத்தான்.

முருங்கையிலைப் பொடி சுமார்தான். நிழலில் உலர்த்திய இலைக்குரிய பச்சை நிறம் இல்லை.

பெருங்குறை ஒன்று உண்டு. கருப்பட்டிப் பொட்டலத்தின் மீது 'சர்க்கரை நோயாளிகளும் தாராளமாக உண்ணலாம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரையே. அதுவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியதே. இவ்வளவு நேர்மையாகக் காய்ச்சிய பொருளுக்கு இந்தப் பொய் விளம்பரம் எதற்கு? அவ்வரியை நம்பி ஒரு முதியவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் விளையும் கேட்டை எண்ணியாவது அதை நீக்க வேண்டும் என்று கடைக்காரரிடமே கூறினேன்.

பதனீர்ப் பருவம் முடிவதற்குள் சென்றால் அவ்வாண்டின் புதுக் கருப்பட்டி கிடைக்கும். மழைக்காலத்தில் அது இளகிவிடும் என்பதால் காற்றுப் புகாத பாத்திரத்தில் மூடி வைப்பது நல்லது.