மொழி வகுப்பில் குறும்படமா, டப்பிங்கா?

இரண்டாம் மொழி கற்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சொந்தமாகக் குறும்படம் எடுக்கச் சொல்வதா, ஏற்கெனவே உள்ள படக் காட்சிக்கு அந்த மொழியில் குரல் கொடுக்க (டப்பிங்) சொல்வதா என்று தயங்கும் ஆசிரியர்களுக்காக:

செலவு: இரண்டுக்கும் செல்போன் போதும்.

நேரம்: டப்பிங் ஓரிரு வகுப்பில் முடியும், குறும்படம் வாரக்கணக்கில் இழுக்கும்.

உச்சரிப்பு: டப்பிங்தான். வாயசைவுக்குள் வசனம் அடங்க வேண்டுமே! ஒரே வரியைப் பலமுறை பதிவு செய்து, எந்த எழுத்தை விழுங்குகிறோம் என்று மாணவரே கேட்டுத் திருத்திக்கொள்வார்.

சொந்தமாக எழுதுவது: குறும்படம். "கதவைத் திற" என்று அதட்டுவதா, "கொஞ்சம் திறக்கிறீர்களா?" என்று கேட்பதா? யார் யாரிடம் பேசுகிறார் என்று யோசித்தே எழுத வேண்டும். பயிற்சித்தாளில் இது கிடைக்காது. ஆனால் படப்பிடிப்பில் எல்லாரும் தாய்மொழிக்குத் தாவிவிடுவார்கள். அதனால் கேமரா பிடிப்பவருக்கும் ஒரு வசனம் கொடுங்கள், அவரும் கற்கும் மொழியில் பேசட்டும்.

தொடக்க நிலை, கூச்சம் அதிகம் என்றால் டப்பிங். ஓரளவு பேச வந்துவிட்டதா? தாராளமாகக் குறும்படம்.